ரூத் டீச்சருக்கு எந்த நாள் பெருநாள்

கற்பிட்டி,
20.03.2022

அன்பான நயோமிக்கு,

உன்ட ஸுல்பிகா எழுதிக்கொள்வது. நாங்க எல்லாரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். நீயும் உன்ட அப்பாவும் மனதத் தேத்திக்கொண்டு சுகமா இருக்க இங்க எல்லாரும் துஆச் செய்யிறம்.

ஃபோன் இருக்கக்குள்ள என்னத்துக்குக் கடிதம் எண்டு யோசிப்பாய். முதலாவது, இங்க கரண்ட் போனா டவரும் சேந்து படுத்துடுது. ரெண்டாவது, உம்மாட ஏச்சு. “மௌத்தான வீட்டுக்கு ஃபோன்ல ரெண்டு எழுத்துத் தட்டி அனுப்பிப்போட்டு இருக்கிறியே, வெக்கமில்லையாடி? போக ஏலாட்டி கையாலயாவது எழுது” எண்டா. உன்ட அம்மா, எங்கட ரூத் டீச்சர் கண்ண மூடின செய்தி வந்த நாள்ல இருந்து இதே கதைதான். ஒரு நாள் முழுக்க உம்மா சமைக்கவே இல்ல. வாப்பா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய் வரிசையில நிண்டு வெறுங்கையோட வந்தார்.

இந்தத் தாளப் பாத்துச் சிரிக்காத. கடையில கடதாசி இல்ல. போன தவணை வினாத்தாள்ட பின்பக்கத்துலதான் எழுதுறன். முன்பக்கத்துல உள்ள கேள்விகளுக்கு நேரம் இருந்தா விடை எழுதி அனுப்பு, புள்ளி போடுறன். ஓம், நான் இப்ப டீச்சர். நம்மட அதே பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு. காலையில!

நினைவிருக்கா? ஊர்ப் புள்ளையளுக்குக் காலைப் பள்ளி. மன்னார்ல இருந்து விரட்டப்பட்டு வந்த எங்கட சனத்துக்குப் பின்னேரப் பள்ளி. நாங்க பொறந்ததே கற்பிட்டியிலதான், ஆனா முகாம் புள்ளையள், அகதிப் புள்ளையள். அவங்க போன பிறகு, அவங்க குப்ப போட்ட வகுப்புல, தகரக் கூர கொதிக்கிற நேரத்துல எங்களுக்குப் படிப்பு. உன்ட அப்பா அமெரிக்காவுல இருந்து முகாம் வேலைக்கு வந்து, உன்னச் சேக்க வந்த அன்னைக்கு வெள்ளக்காரப் புள்ள எண்டு பள்ளி அதிபர் உடனே காலையில இடம் தந்தார். ரூத் டீச்சர் கேட்டாவாம், “பின்னேரம் யாருக்கு?” எண்டு. கேட்டுப்போட்டு உன்னப் பின்னேரத்துலயே கொண்டந்து போட்டா. வேர்த்து வடிஞ்சு சிவந்துபோன மூஞ்சியோட என்ட பக்கத்துல வந்து இருந்தாய். ரெண்டு நாளைக்கு உன்னோட நான் கதைக்கவே இல்ல, பயம்.

அடுத்த வருஷம் அந்த வேப்பமரத்தடி. எங்களுக்கும் காலைப் பள்ளி வேணும் எண்டு, காலையில சீருடை போட்டு எங்களக் கூட்டிக்கொண்டு உம்மாமார் எல்லாரும் கேட்டுக்கு முன்னால குந்தினது. டீச்சர் மதில்ல கரித்துண்டால கணக்கு எழுதினது. “உள்ள இடம் வாறவரைக்கும் இதுதான் வகுப்பு” எண்டு கொன்னக் கொன்னத் தமிழ்ல சொன்னது. உங்களுக்கு வாடகைக்கு வீடு தந்த ஜவாஹிர் ஹாஜியார், டீச்சர் எங்கட பக்கம் நிண்ட கோவத்துல தண்ணி மோட்டர நிப்பாட்ட, எங்கட உம்மா உங்களுக்குக் குடத்துல தண்ணி கொண்டந்தது. கடசியில எல்லாப் புள்ளையளும் காலைப் பள்ளிக்குப் போனது. இப்ப என்ட வகுப்புல ஊர்ப் புள்ளையும் முகாம் புள்ளையும் ஒரே மர வாங்குல ஒட்டி இருந்து ஒண்டையொண்டு கிள்ளுது.

இப்ப விஷயத்துக்கு வாறன். அந்த மரத்தடியையும் பள்ளி வளவுக்குள்ள எடுத்து, பக்கத்துலயே ரெண்டு புது வகுப்பு கட்டுறாங்க. எங்களோட படிச்ச பொடியன்மார் கத்தார்ல இருந்து அனுப்பின காசு. செப்டம்பர்ல திறக்கிறது. டீச்சர்ட பேர் வைக்கணும் எண்டு நான்தான் எழும்பிச் சொன்னன். ஹாஜியார்தான் இப்ப பள்ளிக்கூட அபிவிருத்திச் சபைத் தலைவர். அவரே “சரி” எண்டுட்டார், பாத்துக்கொள். பலகைக்கு வசனமும் நானே எழுதினன்: “இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகப் பாடசாலை வாயிலில் அமர்ந்த கிறிஸ்தவச் சகோதரி ரூத் ஆசிரியை நினைவாக.” எப்பிடி?

டீச்சர்ட நல்ல படம் ஒண்டு அனுப்பு. கிறிஸ்மசுக்கு நாங்க வட்டிலப்பம் கொண்டந்த நாள் எடுத்த படம் இருந்தா அதுவே போதும். தெரு முழுக்க முஸ்லிம் வீடா இருக்க, நீங்க மட்டும் தனியப் பெருநாள் கொண்டாடக் கூடாது எண்டு உம்மா ஒவ்வொரு வருஷமும் அந்த இனிப்புக்கு எண்டு முட்ட சேத்து வெப்பா.

பதில் போடு. போன முறை மாதிரி ஒரு வருஷம் எடுக்காத.

உன்ட,
ஸுல்பிகா


பால்டிமோர்,
28.04.2022

ஸுல்பிகா,

உன்ட கடிதம் வந்து பன்னெண்டு நாளாச்சு. எடுத்து எடுத்துப் பாத்துட்டு வெச்சிட்டன். அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். மதில்ல கரியால எழுதின இடத்துல அவர் எழும்பி அடுத்த அறைக்குப் போயிட்டார்.

என்ட தமிழ் துருப்பிடிச்சிட்டு. எழுத்துப் பிழைய ஸுல்பிகா டீச்சர் திருத்திக்கொள்ளுங்கோ. இங்க தமிழ் கதைக்க ஒருத்தரும் இல்ல. கோவம் வந்தா மட்டும் “யா அல்லாஹ்” எண்டு வாயில வருது. வேலை செய்யிற இடத்துல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

உம்மா எப்பிடி இருக்கா? அந்தச் சின்ன வெங்காய மணம் எனக்கு இன்னும் வேணும். கூலிக்குக் குவியல் குவியலா உரிச்சுக் கூடையில போட்டுக்கொண்டு, ஒரு கையால எங்களுக்கும் சோறு போட்டுக்கொண்டு. என்ட வாழ்க்கையில எனக்கு ஊர் எண்டா அந்த மூணு வருஷம்தான், ஸுல்பிகா.

நீ கேட்ட படம் இருக்கு. அதப் பாத்துக்கொண்டுதான் எழுதுறன். படத்துல பின்னால ஒரு சவுக்குக் கொப்பு தெரியும். அதப் பத்திச் சொல்லணும். முதல் வருஷம் டிசம்பர் இருபத்தஞ்சு, நாங்க சும்மா இருந்தம். அம்மா உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு இருந்தா. தெருவுல உம்மாவும் இன்னும் நாலஞ்சு பேரும் தட்டத்த மூடிக்கொண்டு வாறத நான்தான் கண்டன். ஓடிப்போய்ச் சொன்னன். அப்பா பின்பக்கத்தால பாஞ்சு போய்ச் சவுக்குக் கொப்பொண்டு முறிச்சுக்கொண்டு வந்தார். அம்மா காதுல கிடந்த தோட்டக் கழட்டி அதுல கொழுவினா. கடற்கரையில இருந்த கத்தோலிக்க மீனவர் நிக்கொலஸ் அண்ணன்ட வீட்டுல இருந்து கடதாசி நட்சத்திரம் நான் வாங்கிக்கொண்டு வந்தன். எங்கட குடும்பத்துல ஆரும் கொண்டாடின முதல் கிறிஸ்மஸ் அதுதான். உங்களுக்காகத்தான் கொண்டாடினம்.

நாங்க கிறிஸ்தவங்க இல்ல, ஸுல்பிகா. நாங்க யூதர்.

எழுதிட்டன்.

உங்கட வீட்டுல நண்டுக் கறி வெச்சா அம்மா “ஒத்துவராது” எண்டு சொல்லுவா. இறால், கணவாய், சுறாக் கருவாடு ஒண்டும் தொடமாட்டா. செதில் உள்ள மீன் மட்டும். விருந்தாளிக்கு நண்டு குடுக்க ஏலாம உம்மா எவ்வளவு வெக்கப்பட்டா எண்டு எனக்குத் தெரியும். அது ஒத்துவராம இல்ல, எங்கட மார்க்கம். வெள்ளிக்கிழமை பொழுதுபட ரெண்டு மெழுகுதிரி ஏத்துறதும் அதுதான். கரண்ட் போயிடும் எண்டு இல்ல.

ஏன் சொல்லல்ல? அப்பாவ முகாம் வேலைக்கு அனுப்பின அலுவலகத்துல, மதம் பத்தி வாயத் திறக்க வேணாம் எண்டு சொல்லித்தான் அனுப்பினாங்க. அது முதல். பிறகு மரத்தடி தொடங்கினதும் அம்மாவுக்குப் பயம். உம்மாமார் எல்லாரும் அவட பேச்ச நம்பி வெயில்ல குந்தி இருக்காங்க. யூதப் பொம்புள எண்டு தெரிஞ்சா எழும்பிப் போயிடுவாங்களோ, புள்ளையள் திரும்பப் பின்னேரத்துக்கே போயிடுமோ எண்டு. அம்மாட அப்பா இளமையில எங்கட நாட்டுத் தெற்குப் பக்கம் போய், கறுப்பினப் புள்ளையளையும் சேக்கணும் எண்டு அந்தச் சனத்தோட ஒரு பள்ளிக்கூடத்து வாசல்ல இப்பிடித்தான் குந்தி இருந்தவர். அந்த ஊருக்கு அவர் ஆர் எண்டு தெரியும். அதுக்காக அடியும் வாங்கினவர். “அவர் மறைக்கல்ல, நான் மறைச்சன்” எண்டு கடசி மாசங்கள்ல அம்மா சொல்லிச் சொல்லி அழுதா.

அதனால அந்தப் பலகையில “கிறிஸ்தவச் சகோதரி” எண்டு போடாத. உண்மையப் போடு, இல்லாட்டி அந்தச் சொல்ல எடுத்துடு. மத்தவங்களுக்கு என்ன சொல்றது எண்டு நீ முடிவு செய். உன்னோட மட்டும் என்னால பொய்யோட இருக்க ஏலாது.

இதுக்குப் பிறகும் நீ எனக்கு எழுதுவாயா?

நயோமி


பால்டிமோர்,
11.07.2022

ஸுல்பிகா,

பதில் இல்ல. அங்க எண்ணெய் இல்ல, பஸ் இல்ல, தபால் இல்ல எண்டு செய்தியில பாக்குறன். தபால்தான் தாமதம் எண்டு பகல்ல நினைக்கிறன். பொழுதுபட்டா அப்பிடி நினைக்க வருகுதில்ல.

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லா நடந்ததா? உம்மாவுக்கு என்ட ஸலாம். சொல்ல விருப்பம் இருந்தா சொல்லு.

நயோமி


கற்பிட்டி,
04.08.2022

நயோமிக்கு,

தபால்ல பிழையில்ல. கடிதம் மே மாசமே வந்துட்டு. நான்தான் எழுதல்ல. எனக்கு உன்னோட கோவம். இன்னும் கோவம்தான், கோவத்தோடதான் எழுதுறன்.

அலுமாரியில உடுப்புக்கு அடியில வெச்சிருந்தன். மூணு வருஷம் ஒரே வாங்கு. என்ட தலையில பேன் இருந்தது உனக்குத் தெரியும். எங்கட வாப்பா மன்னார் முசலியில விட்டுட்டு வந்த காணிய நினைச்சு அழுதது தெரியும். எனக்கு மட்டும் உன்னப் பத்தி ஒண்டும் தெரியா. நம்மள அவ்வளவுதானாடி நம்பினாய்? பிறகு யோசிச்சன். அப்ப தெரிஞ்சிருந்தா எத்தின பேர் எழும்பிப் போயிருப்பாங்க எண்டு நெஞ்சுல கை வெச்சுச் சொல்லு ஸுல்பிகா எண்டு என்னையே கேட்டன். டீச்சர் பயந்ததும் சும்மா இல்ல. அதுவும் எனக்குக் கோவத்தத்தான் கூட்டிச்சு.

போன மாசம் உன்ட ரெண்டாவது கடிதம் வந்தது. அத உம்மா கண்டுட்டா. “நயோமி என்ன எழுதியிருக்கா?” எண்டு விடல்ல. கத்தியால வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டு இருந்தா. நான் பக்கத்துல குந்தி ரெண்டையும் வாசிச்சன். யூதர் எண்ட இடத்துல கத்தி நிண்டது. பிறகு உம்மா கேட்ட கேள்வி இதுதான்:

“அப்ப இவங்கட பெருநாள் எப்பம்?”

எனக்கு விளங்கல்ல. “என்ன உம்மா?” எண்டன். “டிசம்பர் இவங்கட பெருநாள் இல்லாட்டி வேற பெருநாள் இருக்குந்தானே? அந்த நாள்ல ஆரு இவங்களுக்குச் சமைச்சுக் குடுத்தது? நாம பொருந்தாத நாள்ல போய் வட்டிலப்பம் குடுத்துட்டு வந்து நல்லாச் செஞ்சம் எண்டு இருந்திருக்கிறம். அந்தப் பொம்புள பெருநாள் அன்னைக்குக் கதவப் பூட்டிக்கொண்டு தனிய இருந்திருக்கா. நான் ரெண்டு வளவு தள்ளித்தானே இருந்தன்!” எண்டு சொல்லிப்போட்டு ஓவெண்டு அழத் தொடங்கிட்டா. வெங்காயம் எண்டு வாப்பா நினைச்சார்.

அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. நயோமி, உனக்கு ஒவ்வொரு செப்டம்பர்லயும் ரெண்டு நாள் காய்ச்சல் வருமே? பள்ளிக்கு வரமாட்டாய். நான் காய்ச்சலுக்கு எண்டு போத்தல்ல கொத்தமல்லி அவிச்ச தண்ணி கொண்டு வருவன். டீச்சர் நல்ல சட்ட போட்டிருப்பா. ஒரு முறை அப்பிள் துண்ட வண்ணாத்திவில்லுத் தேன்ல தொட்டு என்ட வாயில வெச்சா. காய்ச்சக்காரி வீட்டுல இதென்ன கொண்டாட்டம் எண்டு நினைச்சன். அதுவா உங்கட பெருநாள்? பெருநாள் வீட்டுக்கா நான் கொத்தமல்லி கொண்டந்தன்? யா அல்லாஹ்!

பலகைக் கதையையும் சொல்றன். அந்தச் சொல்ல மட்டும் நான் அழிச்சிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அப்பிடிச் செஞ்சா நீ மறைச்சத நானும் மறைச்சதா ஆயிடும். சபையில எழும்பிச் சொன்னன். சத்தம் கிளம்பிச்சு. ஹாஜியார் கதிரையத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “பலஸ்தீனத்துல புள்ளையளக் கொல்றவங்கட பேரையா நம்மட பள்ளியில எழுதுறது?” எண்டார். உம்மா பெற்றோர் பக்கத்துல இருந்தா. சபையில ஒரு நாளும் வாய் திறக்காதவ. “கொல்றவன்ட பேரக் கொண்டு வாங்க ஹாஜியார், நானும் சேந்து காறித் துப்புறன். இது நம்மட புள்ளையளுக்காக வெயில்ல குந்தினவட பேரு” எண்டா. ஆனா கை தூக்கச் சொன்னப்ப எங்கட பக்கம் கை குறைஞ்சு போச்சு. பெயர் இல்லாமலே திறக்கிறதாம். தோத்துட்டம்டி. எனக்கு அழுகையா வருது.

உம்மா கேட்டதுக்கு மட்டும் விடை எழுது. இந்த வருஷம் எந்தத் திகதி? என்ன சமைக்கிறது?

ஸுல்பிகா


பால்டிமோர்,
26.08.2022

என்ட ஸுல்பிகா,

உம்மா கேட்டத அப்பாவுக்குத் தமிழ்லயே சொன்னன். அவருக்கு அவ்வளவு தமிழும் விளங்கிச்சு.

பலகை போனாப் போகட்டும். நீ சபையில எழும்பி நிண்டாயே, அது போதும். அம்மா இருந்தா உன்னத்தான் கட்டிப்பிடிச்சிருப்பா.

இந்த முறை செப்டம்பர் இருபத்தஞ்சு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடத் தொடங்கும். திங்களும் செவ்வாயும் பெருநாள். எங்கட வருஷப் பிறப்பு. உங்கட மாதிரி எங்களுக்கும் பிறைக் கணக்குலதான் மாசம். வருஷம் இனிப்பா இருக்கணும் எண்டு அப்பிளத் தேன்ல தொட்டுத் திண்டு ஆளுக்காள் வாழ்த்துவம். மீனும் வெப்பம். செதில் உள்ளதுதான்!

நீ கொத்தமல்லியப் பத்தி எழுதினாய். உனக்கு ஒண்டு சொல்றன். அந்தத் தண்ணிய முதல் வருஷம் நீ கொண்டந்தப்ப அம்மா அத மேசையில தேனுக்குப் பக்கத்துல வெச்சா. “பெருநாளுக்கு ஒரு வீட்டுல இருந்து வந்திருக்கு” எண்டு சொல்லி மூணு கோப்பையில ஊத்தினா. இங்க திரும்பி வந்த பிறகும் ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் அம்மா கொத்தமல்லி அவிச்சா. சொந்தக்காரர் வந்தா அவங்களுக்கும் குடுப்பா. போன வருஷம் எழும்ப ஏலாமக் கிடந்தும் கேட்டு வாங்கிக் குடிச்சா. எங்கட வீட்டுல அது பெருநாள் சாப்பாடு, ஸுல்பிகா. உம்மாக்கிட்டச் சொல்லு, அம்மா தனிய இருக்கல்ல.

இந்த வருஷம்தான் நாங்க தனிய.

நயோமி


கற்பிட்டி,
27.09.2022

என் செல்ல நயோமிக்கு,

உன்ட கடிதம் வந்ததும் உம்மா அதக் கையில எடுத்துக்கொண்டு முகாம் முழுக்கப் போயிட்டு வந்தா. அவக்கு வாசிக்கத் தெரியா, அதனால கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு. மரத்தடியில குந்தின உம்மாமார்ல இன்னும் பாதிப் பேர் இங்கதான். ரெண்டு பேர் கேட்டு முடிச்சுக் கதவச் சாத்திட்டாங்க, பொய் சொல்ல மாட்டன். மத்தவங்க முட்ட கொண்டந்தாங்க. முட்ட விக்கிற விலையில!

நேத்துத் திங்கக்கிழமைதான் வகுப்புத் திறப்பு. பலகை வெறும் பலகை, “வகுப்பறைக் கட்டடம்” எண்டு மட்டும். ஹாஜியார் நாடா வெட்டிப் பேசினார். டீச்சர்ட பேர் அவர் வாயில வரல்ல. நான் பல்லக் கடிச்சுக்கொண்டு நிண்டன். பேச்சு முடிஞ்சதும் கேட்டுக்கு வெளிய சத்தம். திரும்பிப் பாத்தா உம்மாமார் வரிசையாத் தலையில தட்டம் வெச்சுக்கொண்டு வாறாங்க. இந்த முறை கேட்டால உள்ள வந்து, அதே மரத்தடியில இறக்கி வெச்சாங்க.

வட்டிலப்பம். பொரிச்ச விளமீன். அப்பிள் வாங்க ஆருக்கு வழி? கொய்யாக்கா வெட்டித் தேன் ஊத்தியிருந்தாங்க. கடிச்சா அதுவும் அப்பிள் மாதிரித்தான் சத்தம் போடும் எண்டு உம்மா கண்டுபிடிச்சிருக்கா. புள்ளையளுக்குச் சொல்லவா வேணும், பாஞ்சு வந்துட்டுகள். ஊர்ப் புள்ள, முகாம் புள்ள எல்லாம் தேன் வடிய வடியத் திண்டுச்சு. ஹாஜியார்ட பேரனும் ரெண்டு கையிலயும் வெச்சுக்கொண்டு நிண்டான். அவன்தான் கேட்டான், “இன்னைக்கு என்ன விசேஷம்?” எண்டு.

உம்மா சத்தமாச் சொன்னா: “எங்கட ரூத் டீச்சர்ட பெருநாள் மகன். அவ யூத மார்க்கம். இந்தக் காலைப் பள்ளிய வாங்கித் தந்தவ.”

சபையே கேட்டுக்கொண்டு இருந்தது. போகக்குள்ள பேரன் ஹாஜியார்ட கையப் பிடிச்சுக்கொண்டு, “மூத்தவாப்பா, ரூத் டீச்சருக்கு அடுத்த பெருநாள் எப்பம்?” எண்டு கேட்டுக்கொண்டே போறான். பலகையில எழுத விடல்ல. இப்ப அந்தப் பள்ளியில படிக்கிற அவ்வளவு புள்ளையளும் வீட்டுல போய்ச் சொல்லிப்போட்டுதுகள்.

எனக்குக் கோவம் போயிட்டு. முழுசா இல்ல, கொஞ்சம் வெச்சிருக்கிறன். நீ நேர்ல வந்தா ஏச ஏதாச்சும் வேணுமே.

அடுத்த வருஷம் எந்தத் திகதி வருது எண்டு இப்பவே எழுதி அனுப்பு. முட்ட காண உம்மா கோழிய அட வெக்கணுமாம்.

இதோட ஒரு பொட்டலம் கொத்தமல்லி அனுப்புறன். உனக்கும் அப்பாவுக்கும். இனியாச்சும் காய்ச்சல் எண்டு பொய் சொல்லாமக் குடிங்க.

உன்ட வாங்குக்காரி,
ஸுல்பிகா